ரீஃபர் கன்டெய்னர் ஜென்செட்டுக்குப் பதிலாக ஹைட்ரஜன்: கார்பன் உமிழ்வு உண்மையில் குறையுமா?

கேள்வி: முத்துநகர் வணிகர்

வணக்கம். உறைய வைத்த இறாலையும் மீனையும் 40 அடி ரீஃபர் (குளிரூட்டும்) கன்டெய்னர்களில் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கொண்டு சேர்க்கும் தொழிலில் இருக்கிறோம். நாகப்பட்டினம் பக்கத்து ஆலைகளில் சரக்கு ஏற்றினால் சாலையில் எட்டு ஒன்பது மணி நேரம் ஆகிறது. துறைமுக வாயிலில் வரிசை நீண்டுவிட்டால் அதற்கு மேலும் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு நேரமும் கன்டெய்னரை மைனஸ் 18 டிகிரியில் காப்பது டிரெய்லருக்கு அடியில் பொருத்தியிருக்கும் டீசல் ஜென்செட் என்னும் ஜெனரேட்டர்தான். அது மணிக்கு ஏறத்தாழ இரண்டரை லிட்டர் டீசல் குடிக்கிறது. இவை தவிர, ஆலைகளுக்கு இடையில் ஓடும் சொந்த ரீஃபர் லாரிகள் சிலவும் ஒரு சிறிய குளிர்பதனக் கிடங்கும் எங்களிடம் உண்டு.

ஐரோப்பியக் கொள்முதலாளர் ஒருவர், கிலோ இறாலுக்கு எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது என்று குளிர்பதனத்துக்குத் தனிக் கணக்குக் கேட்டிருக்கிறார். இது எப்படியோ வெளியே தெரிந்து, விற்பனைப் பிரதிநிதிகள் வரத் தொடங்கிவிட்டார்கள். ஒருவர், ஹைட்ரஜனிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுக்கும் ஃபியூயல் செல் ஜென்செட் வாங்கச் சொல்கிறார். புகைக்குழாயில் வெறும் நீராவிதான் வரும், ஆகவே உமிழ்வு பூஜ்யம் என்பது அவர் வாதம். இன்னொருவர், இருக்கும் டீசல் எஞ்சினிலேயே பொருத்திக்கொள்ளும்படி தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் ஒரு ‘கிட்’டைக் காட்டி, டீசலில் மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும் என்கிறார். இருவரில் யார் சொல்வதை நம்பலாம்? ஐரோப்பாவின் எல்லைக் கார்பன் வரி எங்கள் சரக்கின் மீதும் விழுமா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில்: குளிர்பதனப் பொறியாளர், கோவை

ஐயா, வரியைப் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் ஏற்பாடு இப்போது இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம், மின்சாரம், ஹைட்ரஜன் ஆகியவற்றையே சார்ந்தது. இறாலும் மீனும் அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் கொள்முதலாளர் கேட்பது தமது நிறுவனத்தின் விநியோகச் சங்கிலிக் கணக்குக்காக இருக்கலாம். அப்படியென்றால் உங்களுக்கு இப்போது தேவைப்படுவது அளந்து எழுதிய எண்கள். புதிய இயந்திரம் அதற்குப் பிறகுதான்.

இனி ஹைட்ரஜன். ‘நீராவி மட்டும்தான் வரும்’ என்பது புகைக்குழாயின் வாயில் நின்று பார்த்தால் உண்மை. அந்த ஹைட்ரஜன் எங்கே, எதைக் கொண்டு தயாரானது என்று பார்க்காமல் உமிழ்வைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கும் மின்னாற்பகுப்பில் ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் செலவாகும். அந்த ஒரு கிலோவில் அடங்கியிருக்கும் ஆற்றல் 33 யூனிட். ஃபியூயல் செல் அதில் ஏறத்தாழப் பாதியைத்தான் மின்சாரமாகத் திருப்பித் தரும். இதர இழப்புகளையும் கழித்தால் கன்டெய்னரின் பிளக்கில் 15 யூனிட் கிடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆக, 55 போட்டு 15 எடுக்கிறோம். தொட்டியில் 350 பார் அழுத்தத்துக்கு ஏற்றும் செலவு இதற்கு மேல்.

உங்கள் ஜென்செட்டுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். வெப்பநிலை நிலைபெற்ற பின் 40 அடி உறைபொருள் கன்டெய்னர் சராசரியாக எடுப்பது 4, 5 கிலோவாட்தான். 5 என்றே கொள்வோம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.68 கிலோ கரியமில வாயு வரும் என்பதால், இரண்டரை லிட்டருக்கு மணிக்கு 6.7 கிலோ. அதே 5 யூனிட்டை ஃபியூயல் செல்லில் எடுக்க மணிக்கு மூன்றில் ஒரு கிலோ ஹைட்ரஜன் வேண்டும். நமது நாட்டின் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. தொகுப்பு மின்சாரத்தால் எடுத்த ஹைட்ரஜன் ஒரு கிலோவுக்கு 38 கிலோவுக்கு மேல் வந்துவிடும். மணிக்கணக்கில் அது 12, 13 கிலோ. டீசலைப் போல ஏறக்குறைய இரு மடங்கு! இயற்கை எரிவாயுவிலிருந்து எடுப்பதானால் கிலோவுக்கு 9 முதல் 10 கிலோ வரும். மணிக்கு மூன்று, மூன்றரை கிலோ என்பது டீசலைவிடக் குறைவுதான் என்றாலும், அழுத்துவதற்கும் நெடுந்தூரம் லாரியில் சுமந்து வருவதற்கும் ஆகும் உமிழ்வு அந்த லாபத்தைத் தின்னும். மத்திய அரசு 2023 ஆகஸ்டில் வகுத்த வரையறையின்படி ‘பசுமை ஹைட்ரஜன்’ என்றால் கிலோவுக்கு 2 கிலோவைத் தாண்டக்கூடாது. அந்தத் தரத்தில் சான்றிதழோடு கிடைத்தால் மட்டுமே உங்கள் மணிக்கணக்கு 0.7 கிலோவுக்கு இறங்கும். எனவே விற்பனைப் பிரதிநிதியிடம் இயந்திரத்தைப் பற்றி அதிகம் கேட்க வேண்டாம்; வாயுவை யார் தருவார், எந்தச் சான்றிதழோடு தருவார், எந்த ஊரில் நிரப்புவது என்று கேளுங்கள்.

மின்கலத்தோடு ஒப்பிடாமல் இந்தக் கணக்கு முழுமையாகாது. பத்து மணி நேரத்துக்கு 50 யூனிட் வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலத்தில் அது நானூறு கிலோ எடைக்குள் அடங்கிவிடும். உங்கள் டிரெய்லருக்கு அடியில் இருக்கும் டீசல் ஜென்செட்டின் எடையோ எழுநூறு கிலோவுக்குக் குறையாது. தொகுப்பு மின்சாரத்தில் ஏற்றினால்கூட, ஏற்றி இறக்கும் இழப்பைச் சேர்த்து மணிக்கு 4 கிலோதான் உமிழ்வு. ஆலைக் கூரையின் சூரிய மின்சாரத்தில் ஏற்றினால் அதுவும் பெரும்பாலும் இல்லை. ஒரே அளவு சூரிய மின்சாரத்தை மின்கலத்தில் ஊற்றினால், ஹைட்ரஜனாக மாற்றி எடுப்பதைப் போல மூன்று மடங்கு குளிர் கிடைக்கும். ஏறுமிடத்தில் ஆலையின் மின் இணைப்பு, இறங்குமிடத்தில் துறைமுகத்தின் ரீஃபர் பிளக் பாயிண்ட், நடுவில் ஒரே இரவுப் பயணம் என்று அமைந்த உங்கள் தடத்துக்கு ஹைட்ரஜன் தேவைப்படவில்லை என்பது என் கருத்து. சென்னையிலிருந்து தில்லிக்குச் சாலை வழியே சரக்கு அனுப்புபவர் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சொந்த ரீஃபர் லாரிகளின் குளிர்பதனக் கருவியில் எந்த கேஸ் இருக்கிறது? ஆர்-404ஏ என்றால், அதன் புவி வெப்பமாக்கும் திறன் கரியமில வாயுவைப் போல 3,922 மடங்கு. அதாவது குழாய் அதிர்ந்து அதிர்ந்து மூட்டு விட்டு ஒரு கிலோ கேஸ் காற்றில் போனால், அது 1,460 லிட்டர் டீசலை எரித்ததற்குச் சமம். ‘கேஸ் குறைஞ்சிருக்கு, போட்டுட்டோம்’ என்று மெக்கானிக் தரும் துண்டுச் சீட்டுகளைத் தேடி எடுத்துக் கூட்டிப் பாருங்கள். பல நிறுவனங்களில் ஜென்செட் புகையைவிட இந்தச் சீட்டுகளின் கூட்டுத்தொகைதான் பெரிதாக வருகிறது. இத்தகைய வாயுக்களைக் குறைப்பதற்கான கிகாலி உலக உடன்பாட்டை இந்தியா 2021இல் ஏற்றுக்கொண்டுவிட்டது. 2028இல் இவ்வகைக் குளிர்பதன வாயுக்களின் அளவு மேலும் கூடாமல் நிறுத்தப்பட்டு, 2047க்குள் 85 விழுக்காடு குறைய வேண்டும். இந்த வேலையை எப்படியும் செய்தே ஆக வேண்டும்.

பதில்: டீசல் மெக்கானிக்

அந்தக் ‘கிட்’டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எஞ்சின் டைனமோவைச் சுற்றுகிறது. டைனமோ தரும் மின்சாரம் தண்ணீரைப் பிரிக்கிறது. பிரிந்த வாயு அதே எஞ்சினுக்குள் போகிறது. டீசலில் இருந்த ஆற்றல் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் குறைந்துகொண்டே வந்து கடைசியில் திரும்பி வருகிறதே ஒழிய, புதிதாக எதுவும் சேருவதில்லை. செய்துகாட்டும்போது மைலேஜ் கூடினால், அதற்கு முன் ஏர் ஃபில்டரை மாற்றினார்களா, நாசிலைச் சுத்தம் செய்தார்களா என்று விசாரியுங்கள். அதோடு, உற்பத்தியாளரின் ஒப்புதல் இல்லாத ஒன்றை எஞ்சினின் காற்றுக் குழாயில் இணைத்தால் உத்தரவாதத்துக்கும் காப்பீட்டுக்கும் சிக்கல் வரும். பணம் கட்டிவிடாதீர்கள்.

பதில்: கால்கரி வாசகர்

கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் உணவுக் கிடங்குகளில் வேலை பார்ப்பவன் என்ற முறையில், ஹைட்ரஜன் நன்றாக ஓடும் ஓர் இடத்தையும் சொல்ல விரும்புகிறேன். இங்கே கால்கரிக்கு வடக்கே பால்சாக்கில் 2010இல் வால்மார்ட் திறந்த குளிர்பதன உணவுக் கிடங்கில், தொடக்கம் முதலே சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் ஃபியூயல் செல்லில் இயங்குகின்றன. வட அமெரிக்கா முழுவதும் இன்று பல்லாயிரக்கணக்கான ஃபோர்க்லிஃப்டுகள் இப்படி ஓடுகின்றன. அவற்றுள் பெரும்பகுதிக்கு ஃபியூயல் செல் தருவது பிளக் பவர் நிறுவனம்.

காரணம் மிக எளியது. உறைநிலை அறைக்குள் ஈய அமில மின்கலம் சீக்கிரம் சோர்ந்துபோகும். ஷிஃப்ட் முடியும் நேரத்தில் சரக்கைத் தூக்கும் மாஸ்ட் மெதுவாகத்தான் ஏறும். ஓட்டுநர் வண்டியை மின்கல அறைக்குக் கொண்டுபோய், ஒரு டன் எடையுள்ள மின்கலத்தை மாற்றிக்கொண்டு வர வேண்டும். ஃபியூயல் செல் வண்டியில் தொட்டியின் கடைசிச் சொட்டு வரை ஒரே வேகம். நிரப்ப இரண்டு மூன்று நிமிடம் போதும். மின்கல அறை இருந்த இடத்தில் இப்போது பலகைத் தட்டுகள் அடுக்கலாம். ஆனால் இவை எல்லாம் வேலைத்திறன் பற்றிய லாபங்கள். இந்த மாநிலத்தில் ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தே எடுக்கப்படுவதால், இதைக் கார்பன் சாதனையாக விளம்பரப்படுத்தும்போது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகவே இருக்கும். லித்தியம் மின்கல ஃபோர்க்லிஃப்டுகள் வந்த பிறகு இந்த லாபமும் குறைந்துவருகிறது. மூன்று ஷிஃப்டும் நூற்றுக்கணக்கான வண்டிகளும் உள்ள பெரிய கிடங்குக்குத்தான் நிரப்பு நிலையச் செலவு கட்டுப்படியாகும்.

ரீஃபர் டிரெய்லருக்கு வந்தால், 2013இலேயே அமெரிக்க எரிசக்தித் துறையின் நிதியுதவியோடு பிளக் பவரும் குளிர்பதனக் கருவி நிறுவனமான கேரியரும் சேர்ந்து சிஸ்கோ உணவு விநியோக நிறுவனத்தின் வண்டிகளில் சோதிக்கத் திட்டமிட்டன. பிரான்ஸில் ஷெரோ நிறுவனம் 2019இல் ஹைட்ரஜன் டிரெய்லர் ஒன்றைக் காட்டியது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இங்கே சாலையில் ஓடும் ரீஃபர்களில் டீசல் சத்தம்தான் கேட்கிறது.

முத்துநகர் வணிகர்

அனைவருக்கும் நன்றி. கேஸ் சீட்டுகளைக் கணக்காளரிடம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும் மீதமிருக்கிறது. எங்கள் வ.உ.சி. துறைமுகத்திலேயே பசுமை ஹைட்ரஜன் உற்பத்தி தொடங்கிவிட்டது. அந்த ஹைட்ரஜனிலிருந்து அம்மோனியா தயாரிக்கும் பெரிய திட்டங்களும் வரப்போவதாகச் சொல்கிறார்கள். வாயு காலடியிலேயே கிடைக்கும்போதும் வேண்டாம் என்று ஒதுக்குவது சரியா? அதோடு, ஹைட்ரஜனே குளிரைத் தரும் பெட்டிகள் உண்டு என்று எங்கோ படித்தேன். அது உண்மையா?

பதில்: ஹைட்ரைடு ஆய்வாளர்

துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் தொடங்கிய நிலையம் ஒரு முன்னோடித் திட்டம். அதன் திறன் மணிக்கு 10 கன மீட்டர், எடையில் 0.9 கிலோ. கோவைப் பொறியாளரின் கணக்கை வைத்துப் பார்த்தால், மூன்று கன்டெய்னர்களுக்குக்கூட அது சற்றே பற்றாது. அது துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கும் மின்வாகன ஏற்று நிலையத்துக்கும் என்று அமைக்கப்பட்டது; வெளியாருக்கு விற்கும் நிலையம் அல்ல. அம்மோனியாத் திட்டங்களின் பார்வை ஏற்றுமதியின் மேல் இருக்கிறது. நமது பக்கத்துக் குளிர்பதனக் கிடங்குகள் பலவற்றில் ஏற்கெனவே குளிரூட்டியாக ஓடுவதும் அம்மோனியாதான் என்பதால், அந்த விஷயத்தில் நாம் பல பணக்கார நாடுகளைவிட முன்னால் இருக்கிறோம்: அம்மோனியாவின் புவி வெப்பமாக்கும் திறன் பூஜ்யம்.

ஹைட்ரஜனே குளிரைத் தருமா என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு. நீங்கள் படித்தது அநேகமாக முதலாவதாக இருக்கும். 1922இல் ஸ்வீடனில் மாணவர்களாக இருந்த பிளாட்டன், முண்டெர்ஸ் என்ற இருவர், அசையும் பாகமே இல்லாத குளிர்சாதனப் பெட்டியை உருவாக்கினார்கள். பின்னர் எலக்ட்ரோலக்ஸ் அதை உலகெங்கும் விற்றது. மூடி முத்திரையிட்ட எஃகுக் குழாய்களுக்குள் அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் இருக்கும். குழாய் முழுவதும் மொத்த அழுத்தம் ஒன்றுதான். ஆனால் குளிர் அறைப் பகுதியில் ஹைட்ரஜன் அந்த அழுத்தத்தின் பெரும்பங்கைத் தாங்கிக்கொள்வதால், அம்மோனியாவின் பங்கழுத்தம் தாழ்ந்து, அது ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சுகிறது. பிறகு தண்ணீர் அம்மோனியாவை இழுத்துக்கொள்ள, ஹைட்ரஜன் தனியே மேலேறித் திரும்பிவிடுகிறது. பம்ப் கிடையாது, சத்தம் கிடையாது. விடுதி அறைகளின் சிறு பெட்டிகளில் இன்றும் இதைப் பார்க்கலாம். இதில் ஹைட்ரஜன் எரிவதும் இல்லை, செலவாவதும் இல்லை. ஆனால் கொடுக்கும் வெப்பத்தில் கால் பங்கு அளவே குளிராகக் கிடைக்கும் என்பதால், வீணாகப் போகும் வெப்பம் அருகில் இல்லாத இடத்தில் இதனால் உமிழ்வு குறையாது.

இரண்டாவது என் துறை. லாந்தனமும் நிக்கலும் கலந்த சில உலோகக் கலவைகள் ஹைட்ரஜனைத் தமக்குள் உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; அப்படி உறிஞ்சியதைத்தான் ஹைட்ரைடு என்கிறோம். உறிஞ்சும்போது சுடும், வெளிவிடும்போது குளிரும். ஆய்வகத்தில் நிரம்பிய ஹைட்ரைடு கலனின் வால்வைத் திறந்துவிட்டால், சற்று நேரத்தில் அதன் உடலெங்கும் முத்து முத்தாக ஈரம் பூத்து, கை வைக்க முடியாத அளவுக்குச் சில்லிட்டுவிடும். ஐ.ஐ.டி. மெட்ராஸில் இதைப் பற்றி நெடுங்காலமாக ஆய்வு நடந்துவருகிறது. ஒரு கிலோ ஹைட்ரஜன் வெளியேறும்போது ஏறத்தாழ 4 யூனிட் அளவுக்குக் குளிர் கிடைக்கும். ஃபியூயல் செல்லுக்குப் போகும் வாயுவே போகிற வழியில் இந்தக் குளிரையும் தந்துவிட்டுப் போவதால், மேலே சொன்ன கணக்கை இது கொஞ்சம் சீராக்கும். ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையத்தில், ஹைட்ரஜன் கார்களின் ஏ.சி.க்காக இதே உத்தியைச் சோதித்திருக்கிறார்கள். தடை எடைதான். கலவையின் எடையில் 1.4 விழுக்காடுதான் ஹைட்ரஜன் என்பதால், ஒரு கிலோவுக்கு எழுபது கிலோ உலோகத்தைச் சுமக்க வேண்டும். மைனஸ் 18 டிகிரியில் போதிய அழுத்தத்தோடு வாயுவை விடும்படி கலவையை மாற்றி அமைப்பது தனி வேலை. ஆகவே, அசையாமல் நிற்கும் கிடங்குக்கு இது பொருந்தக்கூடும். டிரெய்லருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கோவைப் பொறியாளரோடு ஓரிடத்தில் மாறுபடுகிறேன். ஆடிக் காற்றுக் காலத்தில் நமது தென் மாவட்டங்களின் காற்றாலைகள் தரும் மின்சாரத்தை எடுத்துக்கொள்ள ஆளில்லாமல் நிறுத்திவைக்கும் நாட்கள் உண்டு. எப்படியும் வீணாகும் அந்த மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கினால், 55 போட்டு 15 எடுப்பது அவ்வளவு பெரிய குற்றமாகாது.

பாதுகாப்பையும் மறக்கக்கூடாது. காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை எந்த அளவில் கலந்தாலும் ஹைட்ரஜன் தீப்பற்றும். திறந்த வெளியில் அது மேலே பறந்துபோய்விடும்; பஃப் பேனல் (வெப்பத்தடுப்புப் பலகை) கூரை போட்ட மூடிய கிடங்கில் கூரைக்கு அடியில் தேங்கி நிற்கும். வாயுக் கசிவு உணரிகளைத் தரை மட்டத்தில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் இடங்களும் உண்டு! உயர் அழுத்தக் கலன்களுக்கு வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் அனுமதியும் வேண்டும்.

பதில்: குளிர்பதனப் பொறியாளர், கோவை

ஆடிக் காற்று வாதத்தை ஏற்கிறேன், ஆனால் பாதிதான். ஆண்டில் சில மாதங்கள் மட்டும் ஓடும் மின்னாற்பகுப்பு இயந்திரத்தின் முதலீடு ஒவ்வொரு கிலோவின் விலையிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதே காற்று மின்சாரத்தைக் குளிராகவே சேமிக்க ஐயாவின் கிடங்கால் முடியும். காற்று பலமாக வீசும் நேரத்தில் மைனஸ் 25 டிகிரி வரை இறக்கிவிட்டு, மாலை உச்ச நேரத்தில் கம்ப்ரசரை நிறுத்தி மைனஸ் 18 வரை ஏற விடலாம். உறைந்த சரக்கின் எடையே சேமிப்பாக வேலை செய்யும். அந்தக் குளிர்நிலைக்கு இறக்கும்போது கம்ப்ரசர் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கும் என்றாலும், ஹைட்ரஜன் வழி இழப்புக்கு அது அருகில்கூட வராது. ஐஸ்கிரீம் விநியோக வண்டிகள், குளிரைச் சேமித்து வைக்கும் யூடெக்டிக் தகடுகளை இரவில் மின்சாரத்தில் உறைய வைத்துக்கொண்டு, பகலில் எஞ்சின் துணையே இல்லாமல் சுற்றி வருவதை நம் ஊர்களில் பார்க்கிறோமே. ஆலைகளுக்கு இடையிலான குறுந்தூர லாரிகளுக்கு அது பொருந்துமா என்று பாருங்கள்.

எதை மாற்றினாலும் சரக்கு கெடும் ஆபத்தைக் கூட்டிவிடாதீர்கள். உணவுக் குளிர்ச் சங்கிலியின் பங்கு உலக உமிழ்வில் சுமார் 4 விழுக்காடு என்று ஐ.நா. அமைப்புகள் 2022இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அதில் இயந்திரங்களின் உமிழ்வு மட்டுமல்லாமல், குளிரில்லாமல் கெட்டுப்போகும் உணவின் உமிழ்வும் அடங்கும். நடுவழியில் நின்றுபோகும் புதுமையான ஜென்செட் ஒரு கன்டெய்னர் இறாலைக் கெடுத்தால், அந்தக் குளத்தின் தீவனம், ஏரேட்டர் மின்சாரம், ஆலைச் செலவு எல்லாமே குப்பைக்குப் போகும்.

முத்துநகர் வணிகர்

மிக்க நன்றி. மின்கலத்துக்கு விலை கேட்கலாம் என்று நினைக்கிறேன். 5 கிலோவாட் என்பது எங்கள் கன்டெய்னர்களுக்கும் சரியாக இருக்குமா, அல்லது சித்திரை வெயிலில் அதிகம் எடுக்குமா? அளப்பது எப்படி?

பதில்: குளிர்பதனப் பொறியாளர், கோவை

வெயிலில் கூடும், கதவு ரப்பர் தேய்ந்திருந்தால் இன்னும் கூடும். ஆலையில் பிளக்கில் செருகி நிற்கும்போது ஒரு யூனிட் மீட்டரை இடையில் பொருத்திக் குறித்துக்கொள்ளுங்கள். சாலை நேரத்துக்கு, கன்டெய்னரின் கட்டுப்பாட்டுக் கருவி பதிந்து வைத்திருக்கும் வெப்பநிலைப் பதிவைக் கப்பல் நிறுவனத்திடம் கேட்டு வாங்கலாம். ஜென்செட்டின் மணிமானியையும் நிரப்பிய டீசலையும் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சரக்கு ஏற்றும்போது மைனஸ் 18க்கு மேல் இருந்ததா என்று தவறாமல் பாருங்கள். சரியாக உறையாத சரக்கை ஏற்றினால் அதன் வெப்பநிலையைக் குறைக்கும் வேலையும் ஜென்செட்டின் தலையில் விழும்; சராசரி 5 என்பது அப்போது பொருந்தாது. சித்திரை, வைகாசி இரண்டு மாதப் பதிவு கையில் இருந்தால், மின்கலத்தின் அளவையும் கொள்முதலாளருக்கு அனுப்ப வேண்டிய கணக்கையும் அதிலிருந்தே போட்டுவிடலாம். பதிவுகளை இங்கே இட்டால் நானும் பார்த்துச் சொல்கிறேன்.